நடுவில் மட்டும் நூற்றறுபது

உலகத்தைச் சமன்பாடாக்கிப் பார்க்கும் கணித மாதிரி கற்க வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். வந்த அன்றைக்கே உங்களில் ஒருவர் என்னிடம், "கணினி சொல்லும் விடையை எப்போது நம்பலாம் சார்?" என்று கேட்டார். அதற்குப் பதில் தெரிந்திருந்தால் என்னை ஓய்வு பெறவே விட்டிருக்க மாட்டார்கள். பதில் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு பெண் நின்ற நிற்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதைத்தான் சொல்லப் போகிறேன். சமன்பாடு எதுவும் எழுத மாட்டேன், பயப்படாதீர்கள். அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. கணிதத் துறையில் நான் விரிவுரையாளர். அதோடு கணினி அறைக்கும் நான்தான் பொறுப்பு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று வாசலில் எழுதி வைத்திருந்தோம். கோயிலுக்குச் செருப்போடு போகிற ஆள்கூட எங்கள் அறைக்கு வெறுங்காலோடுதான் வருவார். குளிர்சாதனம் ஓடும், மின்சாரம் போகும், ஓடிக்கொண்டிருந்த கணக்கு பாதியில் செத்துப்போகும். மறுபடி முதலிலிருந்து. இன்றைக்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கிற கருவி அந்த அறையையே விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். ஆனால் அந்தத் திரையில் நான் பார்த்ததை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

பிலோமினா எங்கள் துறையில் தற்காலிக விரிவுரையாளர். உவரிக்காரி. அப்பா கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், உடம்பு முடியாமல் கரையில் உட்கார்ந்துவிட்டார். வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. துறையில் ஒரு நிரந்தர இடம் வந்திருந்தது. டாக்டர் பட்டம் கையில் இருந்தால் அது அவளுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள் வருவார். அவர் வந்ததும் இருக்கிற தற்காலிக வேலையும் போய்விடும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு கேளுங்கள், ஏனென்றால் நாங்கள் எல்லோரும் அந்த ஒரு வருடம் முழுக்க இதைத்தான் மனதில் வைத்திருந்தோம்.

அவள் எடுத்துக்கொண்ட பொருள், சூட்டுக்கு ஒரு வேகம் உண்டா என்பது.

நாம் எல்லோரும் படித்த பழைய சமன்பாட்டில் அப்படி ஒரு வேகம் கிடையாது. ஒரு கம்பியின் இந்த முனையில் தீயை வைத்தால் அதே கணத்தில் மறுமுனையிலும் சூடு தட்டிவிடும் என்கிறது அது. கொஞ்சூண்டுதான், எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. ஆனால் தட்டிவிடும். கம்பி எவ்வளவு நீளமானாலும் சரி. பாபநாசம் அணையில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்த அதே நொடியில் ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில் கால் நனையும் என்று சொல்வதைப் போன்றது இது. கடைமடை விவசாயியிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். அவருக்குத் தெரியும், காய்ந்த வாய்க்காலில் தண்ணீருக்கு ஒரு முகம் உண்டு. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு அந்த முகம் பைய நகர்ந்து வரும். அது வந்து சேரும்வரை இங்கே பொட்டு ஈரம் இருக்காது.

சூட்டுக்கும் அப்படி ஒரு முகம் உண்டு என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? பழைய சமன்பாட்டில் ஓர் உறுப்பைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். சூடு 'ஓடு' என்றதும் ஓடாது, 'நில்' என்றதும் நிற்காது, இரண்டுக்கும் கொஞ்சம் தாமதம் எடுக்கும் என்பதுதான் அந்த உறுப்பின் அர்த்தம். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அதைச் சேர்த்தவுடன் சூடு அலையாகிவிடுகிறது.

முதல் தடவை அந்தக் கணக்கு திரையில் ஓடியபோது நானும் பிலோமினாவும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டோம். கறுப்புத் திரையில் பச்சைக் கோடு. இடது பக்கம் உயரமாக நின்றது, பிறகு சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கியது, அதற்கு அப்பால் தரையோடு தரையாகக் கிடந்தது. அந்தச் சுவர் அடியடியாக வலப்பக்கம் நகர்ந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. 'இன்னும் வரவில்லை' என்பதை ஒரு சமன்பாடு அவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. குளிர்சாதனத்தால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான்கு அத்தியாயங்கள் மடமடவென்று முடிந்தன. வம்பு ஐந்தாவதில்தான் வந்தது.

மெல்லிய தகடு ஒன்று. தொடக்கத்தில் முழுவதும் சுழி டிகிரி. ஒரே கணத்தில் அதன் இரண்டு முகங்களையும் நூறுக்கு ஏற்றி அங்கேயே பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே என்ன நடக்கும்? பழைய சமன்பாட்டில் விடை எல்லோருக்கும் தெரியும். உள்ளே மெல்ல மெல்லச் சூடேறி, கடைசியில் எல்லா இடமும் நூறு ஆகும். நூறைத் தாண்டாது. தாண்டவே முடியாது. எங்கள் கணக்கில் இரண்டு முகங்களிலிருந்தும் இரண்டு சுவர்கள் கிளம்பின. நடுவில் வந்து சந்தித்தன. சந்தித்த இடத்தில் கோடு விர்ரென்று மேலே ஏறி நூற்றறுபதில் போய் நின்றது.

"சார், பிழை" என்றாள் பிலோமினா.

"பிழையேதான்" என்றேன் நான். கணினி நிரல் நான் எழுதியது. எனக்கு முகம் சுண்டிவிட்டது.

தேடினோம். வரிவரியாகப் படித்தோம். அப்படித் தேடும்போது ஒன்று கண்ணில் பட்டது. நூற்றறுபது என்று பொதுவாகச் சொன்னேனே தவிர, அந்தக் கோட்டின் உச்சி ஒழுங்காக இல்லை. சுவரை ஒட்டி மேலும் கீழுமாகப் பல்லிளித்துக்கொண்டு சின்னச் சின்ன நெளிவுகள் இருந்தன. இந்த இடத்தில்தான் உங்களைப் போன்றவர்கள் வழுக்கி விழுவீர்கள். நெளிவும் நூறுக்கு மேலே, மேடும் நூறுக்கு மேலே. இரண்டும் ஒரே குப்பை என்று தோன்றும். ஒரே விளக்குமாற்றால் கூட்டிவிடத் தோன்றும்.

நாங்கள் கணக்கிடும் புள்ளிகளின் இடைவெளியைப் பாதியாக்கிப் பார்த்தோம். நெளிவுகளும் பாதியாக ஒடுங்கின. இன்னும் நெருக்கினோம், அவையும் நெருங்கின. அதாவது அவை சூட்டைச் சேர்ந்தவை அல்ல, எங்கள் புள்ளிகளைச் சேர்ந்தவை. நாங்கள் போட்ட கோலம். பிறகு கணக்கு காலத்தில் எடுத்து வைக்கும் அடியும் இடத்தில் வைக்கும் அடியும் அலையின் வேகத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி மாற்றி வைத்தோம். நெளிவுகள் துடைத்தாற்போல் மறைந்தன.

மேடு மறையவில்லை. அதே இடம், அதே அகலம், அதே நூற்றறுபது. புள்ளிகளை எப்படி வைத்தாலும் அது அசையவில்லை. எனக்கு அப்போது வந்தது சந்தோஷமில்லை, பயம். கேட்காத கேள்விக்கு யாரோ பதில் சொன்னது மாதிரி இருந்தது.

எங்கள் பேராசிரியரிடம் போனோம். பிலோமினாவுக்கு வழிகாட்டி அவர்தான். ஆற்றுக்கு அக்கரையில் டவுண்காரர், ஒரு காலத்தில் நெல்லும் நிலமுமாக இருந்த சைவக் குடும்பம். நெற்றி நிறையத் திருநீறு, மூக்கின் நுனியில் கோபம். பாடம் நடத்தினால் காதில் தேன் பாயும். அவர் மாணவர் எவருடைய ஆய்வேடும் தேர்வாளரிடமிருந்து திரும்பி வந்ததில்லை. அது அவருக்குப் பெருமை மட்டுமல்ல, ஒரு விரதம்.

அச்செடுத்த படத்தைக் கண்ணாடிக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"என்னவே சிதம்பரம் இது?" என்றார் என்னைப் பார்த்து. "ரெண்டு பக்கமும் நூறு, நடுவுல நூத்தறுவதா? அடுப்பு வெளியே எரியுது, கொதிக்கது மட்டும் உள்ளேயா?"

"நிரல்ல பிழை இல்ல சார். எல்லா விதமாவும் பாத்தாச்சு" என்றேன்.

"பிழை இல்லாம இருக்கட்டும்வே. சூடு என்னைக்காவது குளுந்த எடத்துல இருந்து சூடான எடத்துக்குத் தானாப் போவுமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். தேர்வாளர் இந்த ஒரு படத்தைப் பாத்தா போதும், ஏட்டைத் தூக்கி எறிஞ்சிருவாரு." பிறகு குரல் தணிந்தது. "ஒரே ஒரு வரி போடும். நூறுக்கு மேல போனா நூறுன்னு வச்சுக்கோன்னு. சோலி முடிஞ்சுது."

பிலோமினா மெதுவாக, "கணக்கு அப்படித்தானே சார் சொல்லுது" என்றாள்.

"கணக்கு ஆயிரம் சொல்லும்மா. கணக்குக்கு வேலை வேணுமா, வீட்டுக்குச் சோறு வேணுமா? உனக்கு வேணும்லா?"

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்கிற கவலையில் பேசினார். அந்த ஒரு வரியும் ஊரில் இல்லாத வரி அல்ல. அந்தக் காலத்தில் பாதிப் பேர் நிரலில் அது இருக்கும். இப்போதும் இருக்கும். நடக்கக்கூடாதது நடந்தால் வெட்டிவிடு என்று எழுதி வைப்பது நம் தொழிலில் பல் துலக்குவது போலப் பழக்கமாகிவிட்டது. நடக்கக்கூடாது என்று யார் சொன்னது என்பதை ஒருவரும் கேட்பதில்லை.

அன்று மாலை கல்லூரி விட்டு ஜங்ஷன் பேருந்தில் திரும்பினோம். நல்ல கூட்டம். ஆற்றுப் பாலத்தில் வண்டி நின்று நின்று போனது. பிலோமினா ஜன்னல் வழியாக ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சார், எங்க ஊர்ல கரையில இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பாறை கெடக்கு" என்றாள். "வாற அலை அதுல பட்டு ரெண்டாப் பிரியும். ரெண்டும் பாறையைச் சுத்திப் பின்னால வந்து மோதும். வந்த அலை இடுப்பளவுதான் இருக்கும். மோதுத எடத்துல ஆளைவிட ஒசரமா எந்திரிக்கும். எங்கப்பா அங்கன மட்டும் வள்ளத்தை விட மாட்டாவ."

"சூடு என்ன கடலா பிலோமினா?" என்றேன். பேராசிரியர் இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பார்.

"அதைத்தான் நானும் யோசிக்கேன். கடல் அப்படிச் செய்யுதுன்னு சொல்லிப் பட்டம் வாங்க முடியாதுல்லா. மிஷினை ஓரமா வச்சுட்டுக் கையில போட்டுப் பாக்கணும் சார். கையில வராட்டா அந்த வரியை நானே போட்டுருதேன்."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிடிவாதம் அவளிடம் இல்லை. வெட்டவும் தயாராக இருந்தாள், ஆனால் தெரிந்துகொண்டு வெட்ட நினைத்தாள்.

கையில் வந்தது. நான் எதிர்பார்க்காத அளவுக்கு எளிதாக வந்தது. தகடு முழுவதும் எந்தக் கணத்தில் எவ்வளவு சூடு என்று கேட்டால் கை ஓய்ந்துவிடும். பிலோமினா அதைக் கேட்கவில்லை. அந்தச் சுவரின் உயரத்தை மட்டும் கேட்டாள். அலையின் முகத்தோடு நாமும் சேர்ந்து ஓடுகிறோம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஓட்டத்தில் சமன்பாடு சுருங்கிக் கல்லூரி முதலாண்டுக் கணக்காகிவிடுகிறது. போகப் போக முகம் கரையும், எவ்வளவு கரையும் என்பது ஒரே வரியில் விடை. எங்கள் தகட்டில் நூறாகக் கிளம்பிய முகம் நடுவுக்கு வரும்போது எண்பதாக இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியதும் எண்பது. சமன்பாடு நேரியல், ஒரு முகம் இன்னொன்றைத் தடுக்காது, இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம்.

பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுதி என் மேசையில் வைத்தாள். எண்பதும் எண்பதும். நான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. பெரியவர் யாரோ அறைக்குள் வந்தது போல இருந்தது.

காரணமும் அவள்தான் சொன்னாள். சூடு 'நில்' என்றதும் நிற்காது என்றுதானே அந்த உறுப்பைச் சேர்த்தோம்? இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கி ஓடி வருகிற சூட்டுக்கு, நடுவில் ஏற்கெனவே சூடாகிவிட்டது என்கிற செய்தி உடனே தெரியாது. தெரிந்து நிற்பதற்குள் வந்து குவிந்துவிடும். நாங்களே விதைத்ததுதான். முளைத்ததும் எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

கொண்டுபோய் நீட்டியபோது பேராசிரியர் அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை. ஏட்டைச் சமர்ப்பிக்கக் கடைசித் தேதி நெருங்கியிருந்தது.

"அந்த வரியைப் போட்டாச்சா?" என்றார்.

"இல்ல சார். போடல."

"அப்போ கையெழுத்தும் கிடையாது."

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் வழிகாட்டியின் சான்றிதழ் ஒன்று இருக்கும், உங்களுக்குத் தெரியும். இது முழுவதும் என் மேற்பார்வையில் நடந்தது என்று அவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் பல்கலைக்கழகத்தில் ஏட்டை வாங்க மாட்டார்கள். பிலோமினா கெஞ்சவில்லை, அழவில்லை. நகரவும் இல்லை. நான் அவளுக்காகப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். "நீரு சும்மா இரும்வே" என்று என்னை அடக்கிவிட்டார்.

சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்தைக் கிறுக்கினார்.

"உன் தலையெழுத்து. வைவாவில என்ன கேட்டாலும் நீயே பதில் சொல்லிக்கோ. நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

ஆய்வேடு போனது. வெளியூர்த் தேர்வாளர் யார் என்று பிறகு தெரிந்தது. வெப்பக் கடத்தலில் பழம் தின்று கொட்டை போட்டவர். பட்டத்தை நிறுத்தி வைப்பதில் கை கூசாதவர் என்று பெயர். நிரந்தர இடத்துக்கான பிலோமினாவின் நேர்முகத் தேர்வு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு அடுத்த வாரம். நிறுத்தி வைத்தால் கதை முடிந்தது.

வாய்மொழித் தேர்வு எல்லோரும் வந்து கேட்கலாம் என்கிற பொதுத் தேர்வு. காலையிலேயே அரங்கு நிரம்பிவிட்டது. மின்விசிறிகள் சுழன்றதே தவிர காற்று வரவில்லை. பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் தொடங்கும். கொஞ்சம் சூடு பிடித்ததும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான்.

நான்கு அத்தியாயங்களைத் தேர்வாளர் சும்மா தாண்டிப் போனார். ஐந்தாவதில் நின்றார். பக்கத்தைத் திருப்பி அரங்குக்கே காட்டினார்.

"ரெண்டு பக்கமும் நூறு. நடுவுல நூத்தறுபது. நிரல்ல தப்பு இருக்குன்னு ஒத்துக்கறீங்களா, இல்ல சூடு தானாச் சூடான இடத்துக்குப் போகாதுங்கற வெப்ப இயக்கவியலோட இரண்டாம் விதி தப்புன்னு சொல்றீங்களா?"

அரங்கில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பிலோமினா நெளிவையும் மேட்டையும் எப்படிப் பிரித்தோம் என்று சொன்னாள். அவர் கையை அசைத்தார்.

"கணினியை விடுங்க. அது யார் சொன்னாலும் தலையாட்டும். கணினி இல்லாம காட்டுங்க."

அவள் சுண்ணக்கட்டியை எடுத்தாள். நீளமான கரும்பலகை. இடது ஓரத்தில் ஒரு கோடு இழுத்து அது தகட்டின் ஒரு முகம் என்றாள். நூறு என்று எழுதினாள். முகத்தோடு ஓடுவது எப்படி என்று தொடங்கி நாலு வரி போனாள். தேர்வாளர் எழுந்தார். அடிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை. நேராகப் பலகையின் வலது ஓரத்துக்குப் போனார். இன்னொரு சுண்ணக்கட்டியை எடுத்தார். அவரும் ஒரு கோடு இழுத்து நூறு என்று எழுதினார்.

"நீங்க அந்தப் பக்கம் இருந்து வாங்க. நான் இந்தப் பக்கம் இருந்து வர்றேன்."

அதை நான் எப்படிச் சொல்வேன்! ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருவரும் எழுதிக்கொண்டே போனார்கள். அவள் இடமிருந்து, அவர் வலமிருந்து. அவர் வழி வேறு, குறியீடுகள் வேறு, கையெழுத்து வேறு. அரங்கில் சுண்ணக்கட்டிச் சத்தம் மட்டும்தான். இரண்டு பேருக்கும் நடுவில் கறுப்பாக இருந்த இடம் குறைந்துகொண்டே வந்தது. கணினி அறையில் திரையில் பார்த்ததை மனிதர்கள் செய்துகாட்டுகிறார்கள் என்று எனக்கு உறைத்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பேராசிரியர் ஜன்னலை விட்டுவிட்டார். பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் வந்து அவள் எண்பது என்று எழுதி நிறுத்தினாள். அவர் இன்னும் இரண்டு வரி போனார். எண்பது.

அவர் அங்கேயே நின்றார். இரண்டு எண்பதுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டுக்கும் மேலே நூற்றறுபது என்று தன் கையாலேயே எழுதினார்.

"இத்தனை வருஷமா நான் ஒரு பக்கம் மட்டும்தான் சூடு வச்சேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நான் மூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். அவர் திரும்பி இன்னொரு கேள்வி கேட்டார், முதல் கேள்வியைவிட மோசமானது.

"சரி. சமன்பாடு இதைத்தான் சொல்லுது. உலகத்துல இது நடக்கும்னு நீங்க நம்பறீங்களா?"

நடக்கும் என்றால் நிரூபணம் எங்கே என்பார். நடக்காது என்றால் இந்த ஏடு எதற்கு என்பார். இரண்டு பக்கமும் நூறு. பிலோமினா சுண்ணத் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டாள்.

"தெரியாது சார். இந்தச் சமன்பாடு உண்மைன்னா இது நடக்கணும். நடக்கலைன்னா இந்தச் சமன்பாடு அங்கே செல்லாதுன்னு தெரிஞ்சுக்கலாம். நூறுக்கு மேல வெட்டி வச்சிருந்தா ரெண்டுமே தெரியாமப் போயிருக்கும்."

உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் இந்த வழக்கு முழுதாகத் தீரவில்லை. கடுங்குளிரில் வைத்த ஹீலியத்தில் சூடு அலையாகவே போகிறது, அதில் சந்தேகமில்லை. மணலிலும் இறைச்சியிலும் அளந்துவிட்டதாகச் சிலர் சொன்னார்கள், இல்லவே இல்லை என்று வேறு சிலர் மறுத்தார்கள். 'தெரியாது' என்று அன்றைக்கு அவள் சொன்னது இன்றைக்கும் சரியான பதில்தான். வேலை போகிற நேரத்தில் அந்தச் சொல்லை நிமிர்ந்து நின்று சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். என்னிடம் அது இருந்திருக்காது.

தேர்வாளர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். அரங்கு கைதட்டியது. அடுத்த வாரம் அந்த நிரந்தர இடமும் பிலோமினாவுக்கே கிடைத்தது. ஆனால் அன்றைய கூட்டம் அதோடு முடியவில்லை.

முடிவில் வழிகாட்டி எழுந்து மாணவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பது வழக்கம். எங்கள் பேராசிரியர் எல்லோருக்கும் ஒரே நாலு வாக்கியம்தான் வைத்திருப்பார், எங்களுக்கு மனப்பாடம். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவர் இப்போது என்ன செய்வார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தார். மேல்துண்டைச் சரி செய்தார். மேசைமேல் கிடந்த ஆய்வேட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார்.

"இங்கன ஒரு சான்றிதழ் இருக்கு" என்றார். ஆங்கிலம் பேச முயலவே இல்லை. "இது முழுக்க என் மேற்பார்வையில நடந்ததுன்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன். அது பொய். அஞ்சாவது அத்தியாயத்தை வெட்டச் சொன்னவன் நான். அந்தப் பிள்ளை கையில கணக்குப் போட்டுக் கொண்டாந்து நீட்டுச்சு. நான் தொட்டுப் பாக்கல."

பிலோமினா கையில் சுண்ணக்கட்டியோடு பலகைக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, எனக்கும்தான். அவர் தேர்வாளரைப் பார்த்தார்.

"நீங்க சம்மதிச்சா இந்தப் பக்கத்தை மட்டும் மாத்திக் கொடுக்கணும்யா. அஞ்சாவது அத்தியாயம் வழிகாட்டியின் மேற்பார்வையை மீறி நடந்ததுன்னு எழுதணும். அதுக்குக் கீழயும் நானே கையெழுத்துப் போடுதேன். இந்தத் தடவை படிச்சுப் பாத்துட்டுப் போடுதேன்."